உனக்குப் போட்ட இலை

புஜ்ஜி,

நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய், திரும்பி வராமல் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை உனக்குப் படையல் போட்டோம். அன்றைக்கு நடந்ததை வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். உன் அப்பா இருந்த காலத்தில் ஊருக்கு ரெண்டு மூன்று கார்டு எழுதியிருப்பேன், அதோடு சரி. இதை உன் தங்கச்சி செல்வியின் ரஃப் நோட்டில் பின்பக்கமிருந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பார்த்து அவள் சிரித்தால் சிரிக்கட்டும். வேறு யார் கையில் கிடைத்துப் படித்தாலும் படிக்கட்டும். பிள்ளை வளர்க்கிற நாலு பேர் படித்தால் நான் செய்ததை அவர்களாவது செய்யாமல் இருப்பார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து ரூம் மல்லிகா அக்கா வந்து வாசலில் உட்கார்ந்தார். "நாளிக்குப் புள்ளைக்கு இன்னா ஆக்கப் போற?" என்று கேட்டார். "எல்லாரும் வெக்கிறதுதான்க்கா. சோறு, கறிக்கொழம்பு, வடை, பாயசம்" என்றேன். "அத்தத்தான் ஊரே வெக்குது. அவனுக்குப் புடிச்சத வைடி. அதுக்குத்தான படையலே. வயசுப் புள்ள, ஆசையா துன்னது எதனா இருக்கும்ல?" என்றார். "எது குடுத்தாலும் துன்னுவான்க்கா அவன்" என்றேன். "அது எனுக்கும் தெரியும். புடிச்சது இன்னான்னு கேக்குறேன்" என்றார். நான் முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "சரி, யோசிச்சி வையி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வாய்க்காரி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் போனதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.

நான் எத்தனை வருஷமாக அடையாறு காந்தி நகரில் அந்த வீட்டில் சமைக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அந்த வீட்டு ஐயாவுக்கு உப்பு ஒரு கல் குறைய வேண்டும். மேடத்துக்குச் சுண்டைக்காய் வத்தக்குழம்பு இருந்தால் போதும், அன்றைக்கு வேறு ஒன்றும் கேட்க மாட்டார்கள். பெரியவன் அருணுக்கு உருளைக்கிழங்கு ஓரம் முறுகியிருக்க வேண்டும். சின்னவள் நித்யா தயிர் சாதத்தில் கடுகு தெரிந்தால் தட்டைத் தள்ளிவிடுவாள், அவளுக்கு மட்டும் தாளிக்காமல் தனியாக எடுத்து வைப்பேன். அவர்கள் வீட்டுக்கு வருஷத்தில் ஒரு தடவை வரும் மேடத்தின் அண்ணனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால்கூடச் சொல்வேன். என் வயிற்றில் பிறந்து பத்தொன்பது வருஷம் என்னோடு இருந்த உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் மிச்சமானதைத் தூக்குவாளியில் போட்டுக் கொண்டுவருவேன். நீ செல்வி தட்டில் பாதிக்கு மேல் வைத்துவிட்டு மீதியை நீ சாப்பிடுவாய். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதைச் சொன்னால்தான் வெள்ளிக்கிழமை நடந்தது விளங்கும். உனக்கு நினைவிருக்கும். நீ நினைவில்லாதது மாதிரியே இருந்தாய், அதனால் நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

தொண்ணூற்று இரண்டு மே மாதம். நீ எட்டாவது முடித்திருந்தாய், செல்விக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் லீவு. அடையாறு வீட்டில் அப்போதுதான் கேபிள் டிவி இழுத்திருந்தார்கள். அருணும் நித்யாவும் காலையிலிருந்து அதன் முன்னால் கிடந்தார்கள். மேடம் என்னிடம், "தினம் ஒரு மணி நேரம் ரெண்டு பேரையும் கிச்சன்ல வச்சுக்கோ. சின்னச் சின்னதா ஏதாவது செய்யக் கத்துக் குடு. நான் சொல்லிக் குடுத்தா கத்திடுவேன். உனக்குத்தான் பொறுமை இருக்கு" என்றார்கள். படித்தவர்கள், காலேஜில் பாடம் நடத்துகிறவர்கள், எனக்குப் பொறுமை இருக்கிறது என்று சொல்கிறார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு மந்தைவெளி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலி தெரியவில்லை.

முதல் வாரம் அடுப்பே பற்ற வைக்கவில்லை. எலுமிச்சம்பழம் பிழிய வைத்தேன். பச்சைப் பட்டாணி உரிக்க வைத்தேன். வெந்த உருளைக்கிழங்கைத் தோலுரிக்கக் கொடுத்தால் நித்யா பாதிக் கிழங்கைத் தோலோடு உரித்துப் போடுவாள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அப்புறம் வெல்ல அவல். "ரெண்டு தரம் அலசு கண்ணு. அலசிட்டுத் தண்ணி ஊத்திப் பத்து எண்ணு. பத்து எண்ணினதும் புழிஞ்சு எடுத்துடணும், விட்டா கூழாயிடும்" என்பேன். "உப்பை நேரா பாத்திரத்துல போடாத, மொதல்ல உள்ளங்கையில போட்டுக் கண்ணால பாரு" என்பேன். வெல்லத்தைத் தூள் பண்ணிப் போட்டு, தேங்காய்ப்பூ போட்டு, மேலே ஒரு கரண்டி நெய் விட்டால் ஆச்சு. பிள்ளைகள் தாங்களே செய்தது என்று கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்கள். ஒரு நாள் அருண் கோதுமை மாவு டின்னைக் கவிழ்த்துவிட்டான். தரையெல்லாம் மாவு. அவன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். "பரவால்ல ராஜா, தரைக்கும் பசிக்கும்ல" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வாரினேன். அப்படி ஒரு சொல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. உன்னிடம் ஒரு நாளும் நான் அப்படிப் பேசியதில்லை.

ராத்திரிச் சோறு போடும்போது இதையெல்லாம் உங்கள் ரெண்டு பேரிடமும் கதையாகச் சொல்வேன். இன்றைக்கு அருண் என்ன செய்தான், நித்யா எப்படி ஸ்டூலில் ஏறி நின்றாள், நான் என்ன சொன்னேன், மேடம் என்ன சொன்னார்கள், எல்லாம். செல்வி சிரிப்பாள். நீ சிரிக்க மாட்டாய், கேட்டுக்கொண்டே இருப்பாய். ஒரு நாள், "பத்து எண்ணணும்னியே, வேகமாவா, மெதுவாவா?" என்று கேட்டாய். "உனுக்கு இன்னாத்துக்குடா அது? துன்னு" என்றேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு தின்றாய். அடுத்தவர் பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கற்றுக்கொண்டதை என் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த மாதக் கடைசியில் அருண் முதன்முதலாக அடுப்பில் தோசை ஊற்றினான். நான் அவன் பின்னால் நின்று கை பிடித்து ஊற்ற வைத்தேன். ஒரு பக்கம் நீண்டுபோய் வந்தது. ஐயா கேமராவைக் கொண்டுவந்து போட்டோ எடுத்தார். நான் கை தட்டினேன். ஆம்பளைப் பிள்ளை இப்படிச் சமைத்தால் வரப்போகிறவள் கொடுத்துவைத்தவள் என்று சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். அன்றைக்கு அவர்கள் வடபழனியில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பியதால் என்னை நாலு மணிக்கே அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் ஸ்டவ் எரிகிறது. செல்வி கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் நிற்கிறாள். நீ பின்னால் நின்று அவள் கையைப் பிடித்துக் கல்லில் கோதுமை மாவை ஊற்றிக்கொண்டிருக்கிறாய். நான் அருணுக்கு எப்படி நின்றேனோ அதே மாதிரி. செல்வி என்னைப் பார்த்ததும் கல்லில் இருந்த தோசையைக் காட்டி, "எம்மா, யானை பாரும்மா, தும்பிக்கை கீது பாரு" என்றாள். வாசலில் மல்லிகா அக்கா நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "உன் புள்ள சோக்கா ஆக்குறான்டி. பொண்ணா பொறந்திருக்க வேண்டியவன், தப்பிப் பொறந்துட்டான்" என்றார். அவர் கேலிக்குத்தான் சொன்னார். அவருடைய வாயே அப்படித்தான்.

நான் தோசைத் திருப்பியை எடுத்தேன். அது கல்லில் கிடந்து சூடாக இருந்தது. அதாலேயே உன் தோளில் அடித்தேன், எத்தனை என்று தெரியாது. "பொட்டச்சியாடா நீ? அடுப்பாண்ட உனுக்கு இன்னாடா வேலை?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். மாவுக் கிண்ணத்தைத் தூக்கிக் கொண்டுபோய் வாசல் சாக்கடையில் கொட்டினேன். கல்லில் இருந்ததையும் கொட்டினேன். செல்வி பக்கெட்டிலிருந்து இறங்காமல் நின்றபடி அழுதாள். நீ அழவில்லை. "செல்விக்குப் பசிச்சிச்சிம்மா" என்று மட்டும் சொன்னாய். மல்லிகா அக்காதான் உள்ளே வந்து என் கையைப் பிடித்து, "பைத்தியமாடி உனுக்கு, நான் சும்மா சொன்னேன்டி" என்று உன்னைத் தன் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனார். உன் தோளில் அவர்தான் தேங்காய் எண்ணெய் தடவினார். நான் தடவவில்லை.

கேட்டவர்களிடமெல்லாம் ஸ்டவ் வெடித்துவிடும் என்ற பயத்தில் அடித்தேன் என்று சொன்னேன். அப்போது நம் வரிசையில் ஒருத்தி ஸ்டவ் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள், அதனால் எல்லோரும் நம்பினார்கள். நானும் பல வருஷம் அதையே நம்பினேன். பயம் இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் பயந்தவள் ஸ்டவ்வை அணைத்திருப்பாள், பிள்ளையைக் கீழே இறக்கியிருப்பாள். நான் ரெண்டையும் செய்யவில்லை. ஸ்டவ் எரிந்துகொண்டே இருந்தது, மல்லிகா அக்காதான் அணைத்தார். உண்மை என்ன தெரியுமா? ஊர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடப் போய்விட்டேன், என் வீட்டில் பிள்ளைகள் பசித்துத் தாங்களே ஆக்கிக்கொள்கிறார்கள், அதைப் பக்கத்து ரூம்காரி நின்று பார்க்கிறாள். அந்த மானக்கேடு. அதுதான் என் கையைத் தூக்கியது. மறுநாள் காலையில் அடையாறு போய் அருணுக்கு உப்புமா கிளறக் கற்றுக்கொடுத்தேன். ரவையைக் கட்டி தட்டவிட்டான். "மெதுவா, மெதுவா, அவசரமே இல்ல" என்றேன். மேடம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "உன் பொறுமை யாருக்கும் வராது" என்றார்கள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாள் இருந்தது. நீ பத்தாவது முடித்தாய். தி.நகரில் கூரியர் ஆபீஸில் சேர்ந்தாய். முதல் மாதம் எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிவந்து, "பஸ்ல நிக்கும்போது கால் வலிக்காது, பஞ்சு மாதிரி கீது, போட்டுப் பாரு" என்றாய். அன்றைக்குக் கேட்டிருக்கலாம். பிள்ளையிடம் போய் என்ன மன்னிப்பு என்று இருந்துவிட்டேன். அப்புறம் நந்தனம் சிக்னலில் அந்தத் தண்ணீர் லாரி வந்தது.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காலையிலேயே எல்லாம் ஆக்கி முடித்துவிட்டேன். உன் போட்டோ முன்னால் இலை போட்டேன். செல்வி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள். தலை குளித்துவிட்டு வந்து என் பின்னால் நின்றாள். "எம்மா, நான் ஒண்ணு செஞ்சி வெக்கட்டா? அண்ணன் செய்யுமே, அது" என்றாள்.

"அண்ணன் இன்னா செய்யும்?" என்றேன்.

"அவலு."

"எப்போ செஞ்சான்?"

அவள் என்னைப் பார்த்தாள், சொல்லலாமா வேண்டாமா என்பது மாதிரி. "எப்பவுமே செய்யும்மா. நீ அடையாறு போனப்புறம். ஸ்கூல்லேந்து வந்ததும் செய்யும். வேலைக்குப் போனப்புறம் ஞாயித்திக்கிழமல செய்யும். செஞ்சிட்டுப் பாத்திரத்தக் கழுவி, நீ வெச்ச மாதிரியே வெச்சிடும்."

ஆறு வருஷம் புஜ்ஜி. சமையலே தொழிலாக இருக்கிற நான், என் வீட்டுப் பாத்திரம் ஒரு தடவை கூடுதலாக நனைந்து காய்ந்ததைக் கண்டுபிடிக்கவில்லை. வெல்லம் குறைகிறது என்று ஒரு தடவை செல்வியை அடிக்கப் போனேன். "நான்தான் துன்னேன்" என்று நீ குறுக்கே வந்து நின்றாய். உன் வயசுக்கு வெல்லம் திருடித் தின்கிறாயே என்று அதற்கும் உன்னைத்தான் ஏசினேன்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று செல்வியிடம் கேட்டேன். "நீ அடிப்பியே. அன்னிக்கு அடிச்சல்ல" என்றாள். அவளுக்குக் கோபமில்லை. இன்றைக்கு மழை வரும் என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். அப்போது ஐந்து வயதுதானே, மறந்திருப்பாள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"செய்யி" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிச் சுவரோரம் உட்கார்ந்தேன். அவள் அவலை அலசினாள், ரெண்டு தரம். தண்ணீர் ஊற்றிவிட்டு மெதுவாக, ஒவ்வொன்றாகப் பத்து எண்ணினாள். பிழிந்து எடுத்தாள். உப்பை உள்ளங்கையில் போட்டு என் பக்கம் நீட்டி, "இவ்ளோதான் போடணும், மொதல்ல கண்ணால பாக்கணும்" என்றாள். அது என் சொல். நான் அருணுக்குச் சொன்ன சொல். நான் சோறு போட்டுக்கொண்டே பெருமையடித்ததை நீ ஒன்று விடாமல் எடுத்து வைத்து, தங்கச்சிக்குக் கொடுத்திருக்கிறாய்.

"யார்றீ சொல்லிக் குடுத்தா இதெல்லாம்?" என்றேன், தெரிந்தும்.

"அண்ணன்தான். அம்மா சொல்லிச்சி, அம்மா சொல்லிச்சின்னு சொல்லிக்கினே செய்யும்" என்றாள். ரெண்டு வாழைப்பழத்தை உரித்து அவலில் பிசைந்தாள். நான் அந்த வீட்டில் பழம் போட்டதே இல்லை. "இது எதுக்கு?" என்று கேட்டேன். "நெய்யும் தேங்காவும் இல்லாத வீட்ல பழம் போட்டுக்கலாம், அதான் இன்னும் ருசின்னு நீ சொன்னியாமே" என்றாள்.

அதை நான் சொல்லவே இல்லை புஜ்ஜி. அது நீயாகக் கண்டுபிடித்தது. நெய் இல்லாத குறை அவளுக்குத் தெரியக் கூடாது என்று கண்டுபிடித்து, அதையும் என் பேரில் எழுதிவிட்டாய். சாக்கடையில் கொட்டியவளை, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த அம்மா என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் ஆக்கி வைத்திருக்கிறாய். நான் செல்வியிடம் "ஆமாம்" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கேட்க நன்றாக இருந்தது, அதனால்தான். அப்புறம் என்னால் முடியவில்லை. "நான் அப்படிச் சொல்லலடி. அவனுக்கு நான் எதையுமே சொல்லிக் குடுக்கல. கத்துக்க வந்தவன அடிச்சேன்" என்றேன். அவள் பிசைந்த கையோடு என்னைப் பார்த்தாள். "தெரியும்மா" என்றாள்.

பிள்ளை அடுப்படிக்கு வந்தால் துரத்தாதீர்கள் என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல ஆசைதான். பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், முதலில் நெருப்பில்லாத வேலையாகக் கொடுங்கள், சிந்தினால் வாருங்கள், அவ்வளவுதான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது என்பதுதான் கேவலம். தெரியாமல் செய்தவளுக்கு ஒரு சமாதானம் இருக்கும். எனக்கு அதுவும் இல்லை.

செல்வி அவலைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து இலைக்கு நேரே உட்கார்ந்தாள். எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது. மல்லிகா அக்கா கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது, உனக்குப் பிடித்தது இதுதான், கடைசியில் இலையில் வைக்க ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன். "அண்ணனுக்கு இது ரொம்பப் புடிக்குமா?" என்று கேட்டேன்.

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "இல்லம்மா, எனக்குத்தான் புடிக்கும். அதான் செய்யும்" என்றாள். "அண்ணன் துன்னாது. நான் துன்றதப் பாத்துக்கினு ஒக்காந்துகினு இருக்கும். நீ துன்னுண்ணான்னா, அப்பறம்னு சொல்லும்."

அவலை வைத்தோம். கறிக்குழம்பு, வடை, பாயசம் எல்லாம் வைத்தோம். கற்பூரம் காட்டிவிட்டுச் செல்வியும் மல்லிகா அக்காவும் வெளியே போய் உட்கார்ந்தார்கள், நான் மட்டும் இலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். வலது பக்கத்து மூலையில் ஒரு கையகலம் காலியாக விட்டிருந்தேன். அதில் என்ன வைப்பது என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். நீ கூரியர் கொண்டுபோன தெருவில் ஏதாவது கடையில் நின்று வாங்கித் தின்றாயா, சின்ன வயதில் எதையாவது கேட்டு நான் அதட்டிவிட்டேனா, அடையாறு வீட்டுத் தூக்கைத் திறக்கும்போது எந்த நாளாவது உன் முகம் மலர்ந்ததா, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எனக்குச் சமைக்கத் தெரியும்டா. எதுவானாலும் ஆக்கிவிடுவேன். நீ சொன்னால் போதும்.

புஜ்ஜி, உனக்கு என்னடா பிடிக்கும்?